தொன்மையும் தெளிவும்: காப்புரிமை மேல்முறையீட்டுத் தீர்ப்புகள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

மரபறிவு பற்றிய தமிழ்க் கருத்தரங்குகளில் மஞ்சள், வேம்பு ஆகியவற்றின் காப்புரிமை வழக்குகள் அடிக்கடி எடுத்துக்காட்டப்பெறுகின்றன. அயல்நாட்டார் நம் முன்னோரின் அறிவைத் தமதாக்கிக்கொள்ள முற்பட்டனர் என்றும், அவ்வறிவின் தொன்மையைச் சான்று காட்டி நாம் அதனை மீட்டோம் என்றும் அவ்வழக்குகளுக்கு விளக்கம் தரப்பெறுகின்றது. இவ்விளக்கத்தில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், தீர்ப்புகளை அவற்றின் தருக்கப் போக்கிலேயே வைத்து நோக்கினால், தொன்மை அவற்றில் பெற்ற இடம் நாம் எண்ணுவதினும் சிறியது என்பது புலனாகும். எது, எங்கு, எந்த நாளுக்கு முன் வெளிப்பட்டிருந்தது? அதிலிருந்து துறையறிந்த ஒருவர் இயல்பாக எவ்வளவு தொலைவு சென்றிருப்பார்? இவ்விரு வினாக்களே அவ்வழக்குகளின் முடிவைத் தீர்மானித்தன.

ஒரு கண்டுபிடிப்பு துறையறிந்தார்க்கு எளிதிற் புலப்படக்கூடியதா என்பதை மேல்முறையீட்டு மன்றங்கள் எவ்வாறு கணிக்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. சட்டத்துறையினர்க்கு உரிய இப்பொருள் தமிழாய்வாளர்க்கு எதற்கு என்னும் ஐயம் எழலாம். இவ்வழக்குகள் அனைத்தும் இறுதியில் வாசிப்பு பற்றியவை. ஒரு பனுவல் எதனைச் சொல்கிறது, எதனைச் சொல்லாமல் விடுகிறது, விட்டதை வாசிப்போர் தாமே உய்த்துணர்வரா என்பதே அவற்றின் மையம். உரையாசிரியர் மரபில் பயின்ற நமக்கு இவ்வினா புதிதன்று.

சொல்லும் பொருளும்

மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. காப்புரிமை பெறும் கண்டுபிடிப்பு புதியதாக இருத்தல் வேண்டும். புத்தாக்கப் படி ஒன்றைக் கொண்டிருத்தல் வேண்டும். தொழிலிற் பயன்படத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பன அச்சட்டத்தின் அடிப்படைக் கட்டளைகள். இவற்றுள் இரண்டாவதே இங்கு ஆராயப்பெறுவது. துறையில் இயல்பான தேர்ச்சியுடைய ஒருவர்க்கு எளிதிற் புலப்படாததாக இருந்தால் மட்டுமே கண்டுபிடிப்பில் புத்தாக்கப் படி உண்டு என்பது 15ஆம் பிரிவின் கருத்து.

இக்கருத்தைத் தமிழில் வழங்கும்போது சிலர் ‘வெளிப்படைத்தன்மை’ என்னும் சொல்லை ஆள்கின்றனர். இன்றைய வழக்கில் அச்சொல் நிருவாகத்தின் ஒளிவுமறைவின்மையைக் குறிப்பதால் பொருள் மயக்கம் நேர்கின்றது. எனவே, இக்கட்டுரையில் ‘எளிதிற் புலப்படுதன்மை’ என்னும் தொடர் கையாளப்பெறுகின்றது.

புதுமைக்கும் எளிதிற் புலப்படுதன்மைக்கும் உள்ள வேறுபாட்டை இலக்கண மரபைக் கொண்டு விளக்கலாம். நூற்குற்றங்கள் பத்தனுள் கூறியது கூறலும் ஒன்று. முன்பே முழுமையாகச் சொல்லப்பட்ட ஒன்றைத் தனதென ஒருவன் மீண்டும் சொல்வானாயின் அவனது கோரிக்கை புதுமையின்றி வீழும். இதனைக் காண முன்னைய சான்று ஒன்றே போதும். எளிதிற் புலப்படுதன்மையோ நுட்பமானது. தொல்காப்பிய மரபியல் கூறும் முப்பத்திரண்டு உத்திகளுள், சொல்லப்பட்டதைக் கொண்டு சொல்லப்படாததையும் உணர்ந்துகொள்ளும் உத்தி ஒன்று உண்டு. முன்னைய நூல் வெளிப்படையாகச் சொல்லாவிடினும், அந்நூலைக் கையிற்கொண்ட வல்லுநர் அடுத்த அடியைத் தாமே எடுத்துவைப்பர் என்றால் அவ்வடிக்கு உரிமை கோர இயலாது. முதனூலைத் தழுவியும் தனக்கென ஒரு விகற்பம் உடையதாய் நிற்பதே வழிநூல். அவ்விகற்பம் உண்மையிலேயே ஆசிரியனுடையதா, எவரும் எட்டக்கூடியதா என்பதே நீதிமன்றம் எழுப்பும் வினா.

மஞ்சளும் வேம்பும்

மஞ்சள் வழக்கு பெரிதும் கூறியது கூறலைச் சார்ந்தது. புண்ணை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்தைச் சார்ந்த ஆய்வாளர் இருவர்க்கு 1995 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல், தொழிலக ஆய்வுக் குழு 1996இல் மறுஆய்வு கோரி 32 ஆவணங்களை முன்வைத்தது. அவற்றுள் நூறாண்டுக்கு மேற்பட்ட வடமொழி, உருது, இந்தி நூற்பகுதிகளும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த கட்டுரையும் அடங்கும். 1997 ஆகஸ்டில் அக்கோரிக்கைகள் மறுக்கப்பட்டன. அக்காலத்து அமெரிக்கச் சட்டம் பிற நாடுகளின் எழுதப்படாத வழக்காற்றை முன்னுள்ள அறிவாக ஏற்கவில்லை; அச்சிட்ட வெளியீட்டையே ஏற்றது. கோடிக்கணக்கான அடுக்களைகளின் வழக்கம் ஆவணமாக முன்வைக்கப்பட்ட பின்னரே செல்லுபடியாயிற்று. அவ்வெல்லைக்கோடு 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் நீக்கப்பட்டது.

வேம்பு வழக்கு இதனின் வேறானது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 1994இல் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் வழங்கிய உரிமை வேப்பமரத்துக்கு உரியதன்று. நீரில் கரையாத வேப்பெண்ணெய்ச் சாற்றைக் குறித்த விழுக்காட்டில் குழம்பாக்கியுடன் கலந்து, பயிரைத் தாக்கும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கே உரியது. ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மாக்டா ஆல்வூட், வந்தனா சிவா, பன்னாட்டு இயற்கை வேளாண் இயக்கக் கூட்டமைப்பு ஆகியோர் 1995இல் எதிர்ப்பு மனு அளித்தனர். 2000 மே மாதம் உரிமை நீக்கப்பட்டது. நிறுவனத்தின் மேல்முறையீடு 2005 மார்ச் 8ஆம் நாள் தள்ளுபடியாயிற்று.

இவ்வழக்கில் 2000ஆம் ஆண்டு விசாரணையின்போது கவனம் பெற்ற சாட்சி எவருடையது என்பது நோக்கற்பாலது. காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே அதனையொத்த முறையில் வேப்பெண்ணெயைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்திய இந்தியத் தொழிலகப் பொறுப்பாளர் ஒருவரின் சாட்சியம் அது. ஈராயிரம் ஆண்டுத் தொன்மை வழக்குக்கு உணர்ச்சியூட்டியது. ஆனால், கோரிக்கையின் சொற்களோடு ஒப்பிடக்கூடிய செய்முறையை அத்தொழிலகச் சாட்சியமே அளித்தது. ‘வேம்பு நோய் தீர்க்கும்’ என்னும் பொதுக்கூற்று எத்துணைப் பழமையானதாயினும், குறித்த விழுக்காட்டுக் குழம்பு ஒன்று பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் என்பதைச் சொல்வதில்லை. இவ்விடைவெளியை நிரப்பாது தொன்மையை மட்டும் பேசும் தமிழ்க் கட்டுரைகள், வழக்கு வென்ற காரணத்தையே தவறவிடுகின்றன.

நான்கு படிகள்

எளிதிற் புலப்படுதன்மையைக் கணிக்க மலேசிய நீதிமன்றங்கள் ஆங்கிலேய மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்த நான்கு படிகளைப் பின்பற்றி வருகின்றன. பாய்மரப் பலகை தொடர்பான, 1985ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் வெளிவந்த வழக்கில் அவை தோன்றின. முதலில், கண்டுபிடிப்பின் சாரம் எது எனக் காணல் வேண்டும். அடுத்து, உரிய நாளில் துறைவல்லுநர் பெற்றிருந்த பொது அறிவைத் தனதாக்கிக்கொண்டு நோக்குதல் வேண்டும். மூன்றாவதாக, முன்னுள்ள அறிவுக்கும் கண்டுபிடிப்புக்கும் உள்ள வேற்றுமைகளை வரையறுத்தல் வேண்டும். இறுதியில், கண்டுபிடிப்பை அறியாத நிலையிலிருந்து பார்த்தால் அவ்வேற்றுமைகள் வல்லுநர்க்கு எளிதிற் புலப்பட்டிருக்குமா என வினவுதல் வேண்டும்.

நான்காம் படியே கடினமானது. விடை தெரிந்தபின் விடுகதை எளிதாகத் தோன்றுவது இயல்பு. கண்டுபிடிப்பைப் படித்துவிட்டு வழக்கு மன்றில் அமரும் நீதிபதிக்கு அதனைப் படிக்காதவர்போல எண்ணும் கடமை உண்டு. இப்பின்னறிவின் இடரைத் தவிர்க்கவே முதல் மூன்று படிகளும் அமைந்தன எனலாம்.

அவ்வழக்கின் செய்தி ஒன்று நமக்கு இன்னும் பயனுடையது. 1958இல் இங்கிலாந்தின் ஹெய்லிங் தீவுக் கரையோரம் 12 வயதுச் சிறுவன் ஒருவன் தானே செய்த பாய்மரப் பலகையில் விளையாடினான். எவரும் காணத்தக்க பொதுவிடத்தில் நிகழ்ந்த அவ்விளையாட்டும், 1965இல் ஓர் இதழில் வெளிவந்த கட்டுரையும் முன்னுள்ள அறிவாக ஏற்கப்பெற்றன. காப்புரிமை செல்லாதெனத் தீர்ப்பாயிற்று. அறிவு எவரிடமிருந்து வந்தது என்பதைச் சட்டம் பொருட்படுத்தவில்லை. கண்டவர் இருந்தனர், நாள் உறுதியாயிற்று, செய்முறை விளங்கிற்று. அவை போதுமானவையாயின.

பத்தை ஏழால் பெருக்குதல்

எளிதிற் புலப்படுவது எது என்பதில் அறிஞர் கருத்தொருமைப்படுவதில்லை என்பதற்கு எலும்பு நலிவு மருந்தாகிய அலெண்ட்ரோனேட் வழக்குகள் தக்க சான்று. அம்மருந்தின் நாள் அளவு சிகிச்சைக்கு 10 மில்லிகிராம். நோய்த் தடுப்புக்கு 5 மில்லிகிராம். மெர்க் நிறுவனம் வாரம் ஒருமுறை முறையே 70, 35 மில்லிகிராம் உட்கொள்ளும் முறைக்கு உரிமை பெற்றது. ஏழு நாள் அளவை ஒருநாளில் தருவது பெருக்கல் வாய்பாடு அறிந்த எவர்க்கும் தோன்றும் எனலாம். ஆயின், அளவு மிகுந்தால் உணவுக்குழாய் புண்ணாகும் என்னும் அச்சம் மருத்துவரிடையே இருந்தது என்பது நிறுவனத்தின் வாதம். கணக்கு எளிது, அதனை நோயாளிக்குக் கொடுக்கத் துணிவதே அரிது என்பது அதன் உட்பொருள்.

எலும்படர்த்தியை அளக்கும் கருவிகளைச் செய்த நிறுவனமொன்றின் செய்தி மடல், வாரம் ஒருமுறை 40 அல்லது 80 மில்லிகிராம் கொடுக்கலாம் என்று 1996இலேயே குறிப்பிட்டிருந்தது. அமெரிக்க மாவட்ட நீதிமன்றம் அதற்குப் பெருமதிப்பு அளிக்காது காப்புரிமையை நிலைநிறுத்தியது. 2005 ஜனவரியில் கூட்டரசு வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவை மாற்றி, மடலில் சொல்லப்பட்டதற்கும் கோரிக்கைக்கும் உள்ள வேற்றுமை வல்லுநர்க்கு எளிதிற் புலப்படுவதே என்றது. ஆயத்தில் ஒருவர் மாறுபட்டார். இங்கிலாந்திலும் 2003இல் நிறுவனம் தோல்வியுற்றது.

இதே மருந்து பற்றிய வழக்கு மலேசியாவிலும் ஈப்போவைச் சார்ந்த ஹோவிட் நிறுவனத்தோடு நடைபெற்றது. கூட்டரசு நீதிமன்றம் 2019இல் அளித்த தீர்ப்பு, ஒரு காப்புரிமையின் தலைமைக் கோரிக்கை வீழ்ந்தாலும் அதனைச் சார்ந்த கோரிக்கைகளைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும் என்றது. சுருள்கதவு உற்பத்தியாளர் இருவரிடையே எழுந்த வழக்கில் 2015இல் எடுத்த நிலைப்பாட்டிலிருந்து இது விலகியது. ஒவ்வொரு வரியையும் அதனதன் பொருளில் வைத்துப் படித்தல் வேண்டும் என்னும் இம்முடிவு வாசிப்பு நெறி என்ற வகையில் வரவேற்கத்தக்கது. ஆயினும் ஒரு விளைவையும் கருதுதல் தகும். மருந்துக் காப்புரிமை ஒவ்வொரு கோரிக்கையாக எதிர்க்கப்படும்போது வழக்கு நீளும். மலிவு மருந்து நோயாளியை அடையும் நாளும் தள்ளிப்போகும். எளிதிற் புலப்படுவதற்கு உரிமை வழங்கினால் அதன் விலையைப் பொதுமக்களே செலுத்துவர். உண்மையான புத்தாக்கத்தைப் பின்னறிவால் எளிதெனத் தள்ளினால் ஆய்வில் முதலிட எவரும் முன்வாரார். இவ்விரு கேடுகளுக்கிடையே தராசைப் பிடிப்பதே மேல்முறையீட்டு மன்றத்தின் பணி.

வல்லுநர் யார்?

இத்தீர்ப்புகளில் வரும் ‘துறைவல்லுநர்’ உண்மையில் வாழும் மனிதர் அல்லர். சட்டம் படைத்துக்கொண்ட பாத்திரம். பொருத்தமான ஆவணங்கள் அனைத்தும் அவர்க்குத் தெரியும்; கற்பனை மட்டும் இல்லை. இப்பாத்திரப் படைப்பே விமர்சனத்துக்கு உரியது.

கடைசற் பொறியில் பாத்திரங்களைப் பிடித்து நிறுத்தும் அமைப்புப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் அளித்த தீர்ப்பு இதனைத் தெளிவாக்கும். தனி நீதிபதி உரிமையை நீக்கினார். மேல்முறையீட்டு ஆயம் அதனை மீட்டது. உச்ச நீதிமன்றம் பட்டறையில் இயல்பாகச் செய்யப்பெறும் திருத்தமே அது என்று கருதி மீண்டும் நீக்கியது. ஒரே அமைப்பை மூன்று நிலைகளில் நோக்கியோர் மாறுபட்டனர் என்பதே, எளிதிற் புலப்படுதன்மை எளிதிற் புலப்படுவதன்று என்பதற்குச் சான்று. அத்தீர்ப்பு தேர்ந்த தொழில்வினைஞரையும் பொறியாளரையும் அளவுகோலாகக் கொண்டு, வெறும் கைவினையாளரை அதிலிருந்து பிரித்தது.

இப்பிரிவினை மரபறிவுத் துறைக்குப் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. மஞ்சளை எந்தப் பதத்தில் அரைப்பது, எதனோடு குழைப்பது, எப்புண்ணுக்கு ஆகாது என்பவற்றை அறிந்த மூதாட்டி ஆவணம் எதனையும் படித்தவர் அல்லர். ஆனால், சூழலுக்கேற்ப மருந்தை மாற்றும் கற்பனை அவரிடம் உண்டு. சட்டத்தின் வல்லுநரோடு ஒப்பிட்டால் அவர் நேர்மாறானவர். அவர்க்கு எளிதிற் புலப்படுவது நீதிமன்றத்தின் வல்லுநர்க்குப் புலப்படாமற் போகலாம். அவ்வாறு போகுமிடத்தில் எளிய மாற்றமொன்று புத்தாக்கமாக வேடமிடும். துறை மரபு மருத்துவமாயின் அத்துறையின் வல்லுநரும் அதனைப் பயில்வோரே எனக் கொள்வதுதான் நேரிய வாசிப்பு.

நமக்குரிய பணி

மலேசியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு எழுத்து, வாய்மொழி, பயன்பாடு ஆகிய எவ்வழியிலேனும் உலகின் எவ்விடத்திலேனும் பொதுமக்களுக்கு வெளிப்பட்டதை முன்னுள்ள அறிவாகக் கொள்கின்றது. கடற்கரைச் சிறுவனின் விளையாட்டைப்போலவே தோட்டப்புறப் பாட்டியின் கைம்மருந்தும் சட்டத்தின் முன் நிற்கும் தகுதியுடையது. குறைபாடு மெய்ப்பித்தலில் உள்ளது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் நாட்டு மருந்து விற்போரிடம் வழங்கும் அறிவு, பங்சாரில் பல்லாண்டுகள் இயங்கிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்திலிருந்து சிறிது தொலைவிலேயே இருந்தது. எனினும், நாளும் அளவும் குறித்த பதிவாக மாறாதவரை அது ஆய்வு அலுவலரின் மேசையை எட்டுவதில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தபின், அறிந்தோர் தலைமுறையும் மறைந்து வருகின்றது.

இந்நிலையில் தமிழாய்வுத் துறைகள் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, சித்த மருத்துவ நூல்களின் காலத்தை மிகைப்படுத்தாமை. அகத்தியர், போகர் பெயரால் வழங்கும் நூல்களின் காலம் ஆய்வாளரிடையே முடிவுறாதது. காப்புரிமை வழக்குக்குத் தேவையானது விண்ணப்ப நாளுக்கு முந்திய உறுதியான ஒரு நாள். ஈராயிரம் ஆண்டு என்னும் ஐயக்கணிப்பைவிட, பதிப்பாண்டு பொறித்த பழைய அச்சுப் பிரதி ஒன்று வலிமையான சான்று. இரண்டாவது, சொற்பொருள் துல்லியம். நூலில் வரும் மூலிகைப் பெயர் இன்ன தாவரம், அளவுப்பெயர் இன்ன நிறை என்று ஐயமற விளக்கும் பதிப்பே நீதிமன்றத்தில் பேசும். 2001இல் தொடங்கிய இந்திய மரபறிவு மின்னூலகம் தமிழிலுள்ள சித்த நூல்களையும் ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன், சுபானிஷ், சப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தந்தது இந்நோக்கத்தினாலேயே. மூன்றாவது, களப்பதிவு. யார், எப்பொருளை, எவ்வளவு, எதற்காகப் பயன்படுத்தினர் என்பதை நாளிட்டுப் பதிவுசெய்தல் வேண்டும்.

இம்மூன்றாவது பணியில் ஓர் இடர் உண்டு என்பதையும் மறைத்தலாகாது. வெளியிடப்பட்ட அறிவைப் பிறர் காப்புரிமையாக்க இயலாது. ஆனால் அதனை எவரும் பயன்படுத்தி வணிகம் செய்யலாம். பதிவு செய்யாவிடின் திருடப்படலாம். பதிவு செய்தால் பொதுவாகிவிடும். மக்களின் இசைவு பெறாது அவர்தம் மருந்தறிவை ஆய்வேட்டில் அச்சிடுவது அவர்க்கு நன்மையாகுமா என்பது அறவினா. மரபு வளங்களின் பிறப்பிடத்தைக் காப்புரிமை விண்ணப்பத்தில் அறிவிக்கக் கோரும் பன்னாட்டு உடன்படிக்கை 2024 மே மாதம் ஜெனீவாவில் ஏற்றுக்கொள்ளப்பட்டமை இவ்வினாவுக்கு ஒரு தொடக்க விடையே.

நாமும் எப்போதும் எதிர்ப்பவர் தரப்பில் மட்டும் நிற்பதில்லை. தொங்காட் அலி வேரின் செயல்திறன்மிக்க பகுதியொன்றுக்கு மலேசிய அரசும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இணைந்து 2006இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றன. வேரை ஊறவைத்துக் குடிக்கும் வழக்கத்திலிருந்து அப்பகுதியைப் பிரித்தெடுப்பது எத்துணைத் தொலைவு என்னும் வினாவை, வேம்புக்கு எழுப்பிய அதே கண்டிப்போடு இங்கும் எழுப்புதல் வேண்டும். அளவுகோல் ஆளுக்கேற்ப மாறுமாயின் அது அளவுகோல் ஆகாது.

முடிவுரை

மஞ்சள் வழக்கில் நாளிட்ட ஆவணமும் வேம்பு வழக்கில் செய்முறைச் சாட்சியமும் மருந்து வழக்கில் செய்தி மடலும் பேசின. இவற்றுள் எதிலும் பெருமிதம் சான்றாக ஏற்கப்பெறவில்லை. நீதிமன்றங்கள் தம் வல்லுநரை நூலகத்துக்குள்ளேயே தேடுவது அவற்றின் குறை. சான்றுக்கு மாற்றாகத் தொன்மையை நிறுத்துவது நம் குறை. முன்னைய குறையை நாம் விமர்சிக்கலாம். பின்னையதைத் திருத்துவது நம் கையிலேயே உள்ளது. ‘முன்னோர் அனைத்தையும் சொல்லிவிட்டனர்’ என்று மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், ‘எங்கே சொன்னார், என்ன சொன்னார், எதனைச் சொல்லாது விட்டார்’ என்று வினவவும் கற்பித்தல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவரே நாளை ஒரு கைம்மருந்தின் அளவையும் நாளையும் பிழையின்றிக் குறித்துவைப்பர்.